வீட்டுத் துப்பாக்கியைப் பூட்டச் சொன்ன நகரம்: எட்மண்ட்ஸ் சட்டமும் அதிகாரக் கேள்வியும்

2018ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவின் எட்மண்ட்ஸ் நகர சபை ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர், அது தன் கையிலோ கட்டுப்பாட்டிலோ இல்லாத வேளையில் அதைப் பூட்டி வைக்கவேண்டும் என்பதுதான் அந்தச் சட்டம். நான்கு வருடங்கள் நிறைவடைவதற்குள், 2022 ஏப்ரலில், அந்த மாநிலத்தின் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தீர்த்தது. பூட்டச் சொல்வது பிழை என்று நீதிபதிகள் கூறவில்லை. அப்படிச் சொல்லும் அதிகாரம் ஒரு நகர சபைக்கு இல்லை என்றுதான் கூறினார்கள்.

இந்த வழக்கை எமது வாசகர்களுக்காக எழுத எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, ஆபத்தான ஒரு பொருள் வீட்டுக்குள் எவ்வளவு எளிதாகக் கைக்கு எட்டுகிறது என்பதில் உயிர் தங்கியிருக்கிறது என்ற பாடம். அதை இலங்கை வேறொரு பொருளின் ஊடாகக் கற்றிருக்கிறது. இரண்டாவது, மக்களுக்கு மிக அருகில் இருக்கும் சபைக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கவேண்டும் என்ற கேள்வி. அது எமக்குப் புதிதல்ல.

வீட்டுக்குள் இருக்கும் துவக்கு

எம்மில் பலருடைய நினைவில் துவக்கு வீதியிலும் காவலரணிலும் சோதனைச்சாவடியிலும் நின்றது. வீட்டுக்குள் வந்தபோது அது ஆயுதம் தரித்த ஒருவரோடு வந்தது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கு அது கட்டிலருகே லாச்சியிலும், அலுமாரியின் மேல்தட்டிலும், காருக்குள்ளும் இருக்கிறது. 1791இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை உரிமையாக்கியிருக்கிறது. தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது தனிநபரின் உரிமை என்று கூட்டாட்சி உயர் நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது.

2022இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் 48,204 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் 27,032 பேர், அதாவது பாதிக்கும் அதிகமானோர், தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். வெளியுலகச் செய்திகளில் பாடசாலைப் படுகொலைகளே பெரிதாக வருகின்றன. ஆனால் மரணங்களில் பெரும்பகுதி வீட்டுச் சுவர்களுக்குள், ஒரு மோசமான இரவில், ஏற்கெனவே அங்கிருந்த துப்பாக்கியால் நிகழ்வது. 2020 முதல் அந்நாட்டில் பிள்ளைகள், பதின்ம வயதினரின் மரணத்துக்கு முதன்மைக் காரணமாகவும் துப்பாக்கியே ஆகியிருக்கிறது.

2015ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்ட ஓர் ஆய்வின்படி, ரவை நிரப்பிய, பூட்டப்படாத துப்பாக்கி இருக்கும் வீடுகளில் சுமார் 46 இலட்சம் அமெரிக்கப் பிள்ளைகள் வாழ்ந்தார்கள். பாடசாலைத் தாக்குதல்களை ஆராய்ந்து அமெரிக்க இரகசிய சேவை 2019இல் வெளியிட்ட அறிக்கை இன்னொன்றைக் காட்டியது. துப்பாக்கி பயன்படுத்தப்பட்ட சம்பவங்களில் 76 வீதமானவற்றில் அது பெற்றோரின் அல்லது நெருங்கிய உறவினரின் வீட்டிலிருந்தே எடுக்கப்பட்டிருந்தது.

எட்மண்ட்ஸ் அமைந்திருக்கும் ஸ்னோஹோமிஷ் மாவட்டத்துக்கும் இந்த அனுபவம் உண்டு. 2014 ஒக்டோபரில் அங்குள்ள மேரிஸ்வில் நகரின் உயர்நிலைப் பாடசாலையில் ஒரு மாணவன் தன் தந்தையின் கைத்துப்பாக்கியால் சக மாணவர் நால்வரைக் கொன்று தானும் இறந்தான். சட்டப்படி அந்தத் தந்தையே துப்பாக்கி வைத்திருக்கத் தடைசெய்யப்பட்டவர்.

சட்டம் என்ன கேட்டது

எட்மண்ட்ஸ், பசுபிக் கரையோரத்து வொஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகருக்கு வடக்கே இருக்கிறது. சனத்தொகை நாற்பதாயிரத்துக்குச் சற்று அதிகம். அதே 2018 ஜூலையில் சியாட்டில் மாநகர சபையும் இதேபோன்ற சட்டத்தைக் கொண்டுவந்தது.

எட்மண்ட்ஸ் சட்டத்தில் இரண்டு பகுதிகள் இருந்தன. உரியவரைத் தவிர வேறெவரும் பயன்படுத்த முடியாதபடி துப்பாக்கியைப் பூட்டுக் கருவியால் பாதுகாக்க வேண்டும் என்றது முதற்பகுதி. சிறுவரோ, துப்பாக்கி வைத்திருக்கத் தடைசெய்யப்பட்டவரோ, ஆபத்தான மனநிலையில் இருப்பவரோ அதை எடுத்தால் உரிமையாளர் பொறுப்பேற்க வேண்டும் என்றது மற்றப் பகுதி. மீறினால் சிறை இல்லை. தண்டப்பணம் மட்டும், ஆகக்கூடியது 10,000 டொலர்.

துப்பாக்கியை இடுப்பில் வைத்திருப்பவரை இந்தச் சட்டம் தொடவில்லை. துப்பாக்கி வாங்குவதையோ விற்பதையோ தடுக்கவும் இல்லை. பூட்டுவதால் பயன் உண்டு என்பதற்குச் சான்றும் இருந்தது. வொஷிங்டன் மாநிலத்தையும் உள்ளடக்கி 2005இல் வெளிவந்த மருத்துவ ஆய்வொன்று, துப்பாக்கியைப் பூட்டி, ரவைகளை அகற்றி, ரவைகளை வேறிடத்தில் பூட்டி வைக்கும் வீடுகளில் சிறுவர், பதின்ம வயதினரின் தற்கொலைகளும் தற்செயலான சூடுகளும் குறைவாக இருந்ததைக் கண்டிருந்தது.

எதிர்த்தவர்களின் வாதங்களையும் சொல்லவேண்டும். நள்ளிரவில் ஒருவன் கதவை உடைத்து வரும்போது திறப்பைத் தேட நேரம் இருக்காது என்றார்கள். வீட்டுக்குள் நடப்பதைப் பொலிஸ் எப்படிக் கண்டறியும், அதற்காக வீடு புகுமா என்று கேட்டார்கள். ஊருக்கு ஊர் சட்டம் மாறினால், ஒரு நகர எல்லையிலிருந்து மற்றதுக்குப் போகும் ஒருவர் தெரியாமலே குற்றவாளியாவார் என்றும் சொன்னார்கள். நகரவாசிகள் சிலர், தேசிய றைபிள் சங்கம் முதலான அமைப்புகளின் துணையோடு நீதிமன்றம் சென்றார்கள்.

நீதிமன்றம் ஏன் நிராகரித்தது

1983 முதல் வொஷிங்டன் மாநிலச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. துப்பாக்கி ஒழுங்குமுறை என்ற துறை முழுவதையும் மாநிலமே தன்வசம் வைத்துக்கொள்கிறது என்கிறது அது. இன்று அமெரிக்காவின் 40க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இவ்வகைச் சட்டம் ஏதோவொரு வடிவில் உண்டு.

அந்தப் பிரிவில் பதிவு, அனுமதிப்பத்திரம், உடைமை, விற்பனை, கைமாற்றம், சுடுதல், கொண்டுசெல்லல் என்று ஒரு பட்டியல் வருகிறது. அதில் ‘பாதுகாப்பாக வைத்தல்’ என்ற சொல் இல்லை, ஆகவே அது நகரங்களுக்கு விடப்பட்ட விடயம் என்று எட்மண்ட்ஸ் வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. துறை முழுவதும் என்று சட்டம் சொன்ன பிறகு பட்டியல் உதாரணம் மாத்திரமே என்றது. நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

இதற்கிடையில் மாநிலம் சும்மா இருக்கவில்லை. 2018 நவம்பரில் வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில் புதிய துப்பாக்கிச் சட்டமொன்றை அங்கீகரித்தார்கள். பாதுகாப்பற்ற முறையில் வைத்திருப்பதை அது குற்றமாக்கியது. ஆனால் முக்கியமான ஒரு வித்தியாசம் உண்டு. நகரத்தின் சட்டத்தில் பூட்டாமல் விடுவதே மீறல். மாநிலச் சட்டத்தில், தடைசெய்யப்பட்ட ஒருவர் அல்லது சிறுவர் துப்பாக்கியை எடுத்து அதைப் பயன்படுத்திய பின்னரே குற்றம் எழுகிறது. ஒன்று சம்பவத்துக்கு முன் நிற்கிறது. மற்றது பின்னால் வருகிறது. பிள்ளையை இழந்த வீட்டுக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல.

மற்ற நகரங்கள்

எல்லா நகரங்களுக்கும் இதே முடிவு ஏற்படவில்லை. சன் பிரான்சிஸ்கோ 2007இல், வீட்டிலுள்ள கைத்துப்பாக்கி ஒருவர் உடலில் இல்லாத நேரத்தில் பூட்டிய பெட்டியில் அல்லது விசைப்பூட்டுடன் இருக்கவேண்டும் என்று சட்டமியற்றியது. கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் அது செல்லும் என்றது. 2015இல் உயர் நீதிமன்றம் அந்த வழக்கை விசாரணைக்கு எடுக்க மறுத்தது. 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும், தலைநகர் வொஷிங்டன் டி.சி.யில் துப்பாக்கியை எந்நேரமும் இயங்காத நிலையில் வைக்கச் சொன்ன விதி நீக்கப்பட்டபோது, விபத்தைத் தடுக்கும் நோக்கிலான பாதுகாப்பு விதிகளை அத்தீர்ப்பு பாதிக்காது என்ற குறிப்பும் இருந்தது. ஆகவே எட்மண்ட்ஸைத் தடுத்தது அமெரிக்க அரசியலமைப்பு அல்ல, அதன் சொந்த மாநிலச் சட்டம்.

புளோரிடா இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கு 2011இல் வந்த சட்டத்தின்படி, துப்பாக்கி குறித்து உள்ளூர் விதி இயற்றும் சபை உறுப்பினர் தன் சொந்தப் பணத்தில் 5,000 டொலர் வரை தண்டம் கட்ட நேரலாம். ஆளுநர் அவரைப் பதவியிலிருந்து நீக்கவும் முடியும்.

கொலராடோ எதிர்த்திசையில் நகர்ந்தது. போல்டர் நகரம் 2018இல் கொண்டுவந்த தாக்குதல் ரகத் துப்பாக்கித் தடையை 2021 மார்ச் 12 அன்று நீதிமன்றம் தடுத்தது. பத்து நாட்களின் பின், அதே நகரின் அங்காடியொன்றில் பத்துப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வருடமே மாநில சட்டமன்றம் பழைய தடையை நீக்கி, மாநிலச் சட்டத்தைவிடக் கடுமையான விதிகளை நகரங்களே இயற்றலாம் என்றது.

சட்டமியற்ற முடியாத நகரம் செய்யக்கூடியவை

அதிகாரம் மறுக்கப்பட்ட நகரத்துக்கும் சில வழிகள் மிஞ்சுகின்றன. வொஷிங்டன் மாநில வழக்குகளிலிருந்தே அவற்றைத் தொகுக்கலாம்.

முதலாவது, வரி. சியாட்டில் 2015இல் விற்கப்படும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் 25 டொலர் வரி விதித்தது. அது ஒழுங்குமுறை அல்ல, வரி என்று கூறி 2017இல் மாநில உயர் நீதிமன்றம் அனுமதித்தது.

இரண்டாவது, தொழில்தருநர் என்ற நிலை. தன் ஊழியர்கள் வேலையிடத்துக்குத் துப்பாக்கி கொண்டுவரக்கூடாது என்று ஒரு பொது நிறுவனம் விதிக்கலாம் என 1991இலேயே தீர்ப்பு உண்டு.

மூன்றாவது, சொத்தின் உரிமையாளர் என்ற நிலை. நகரம் தன் மண்டபத்தைத் துப்பாக்கிக் கண்காட்சிக்கு வாடகைக்கு விடும்போது நிபந்தனை போடலாம் என்பது 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

நான்காவது, கட்டாயமில்லாத சுகாதாரப் பணி. சியாட்டில் அமைந்திருக்கும் கிங் மாவட்டத்தின் பொதுச் சுகாதாரத் துறை, துப்பாக்கியைப் பூட்டிவைக்க ஊக்குவிக்கும் திட்டத்தை நடத்துகிறது. பூட்டுப் பெட்டிகளைச் சலுகை விலையில் பெற அது வழிகாட்டுகிறது. இதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் ஏற்கெனவே கவனமுள்ளவர்களே பெரும்பாலும் இப்படியான அழைப்புக்குச் செவிகொடுப்பார்கள் என்பதே இதிலுள்ள குறையாக எனக்குத் தெரிகிறது.

இலங்கையின் பூட்டு

இங்கு எமது நாட்டின் அனுபவத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1990களின் நடுப்பகுதியில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. அதில் பெரும்பங்கு பூச்சிநாசினிகளுக்கு. 1984 தொடக்கம் 2011 வரை அதிக நச்சுத்தன்மை கொண்டவை படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. இரண்டு தசாப்தங்களில் வீதம் 70 வீதமளவில் குறைந்தது. துயரம் இல்லாமற் போய்விடவில்லை. போர் முடிந்த ஊர்களில் அது எவ்வளவு இருக்கிறது என்று எமக்குத் தெரியும். கொல்லும் பொருள் கைக்கெட்டாமல் போனது. நெருக்கடி கடந்துபோகும் வரை பலர் உயிரோடு இருந்தார்கள்.

அதே இலங்கையில் பூட்டும் சோதிக்கப்பட்டது. வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில், 50,000க்கும் மேற்பட்ட வீடுகளை உள்ளடக்கிய ஆய்வொன்றில், பூச்சிநாசினியைப் பூட்டி வைக்கும் பெட்டிகள் வழங்கப்பட்டன. 2017இல் முடிவு வெளிவந்தது. பெட்டி பெற்ற கிராமங்களில் நஞ்சருந்துதல் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்து நான் விளங்கிக்கொள்வது இதுதான்: திறப்பு யாரிடம் இருக்கிறதோ அவரைப் பூட்டு தடுக்காது. துப்பாக்கிப் பூட்டு பிள்ளையைக் காப்பாற்றலாம், திருடனைத் தாமதப்படுத்தலாம். வீட்டுத் தலைவரே நெருக்கடியில் இருந்தால், துப்பாக்கி சில காலம் வேறொருவர் பொறுப்பில் இருப்பதே பாதுகாப்பு. எட்மண்ட்ஸ் சட்டம் முழுமையாக நடைமுறையில் இருந்திருந்தாலும் இந்த எல்லை அதற்கு இருந்திருக்கும்.

அதிகாரம் எங்கே இருக்கிறது

இலங்கையில் துப்பாக்கி அனுமதி 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டத்தின் கீழ் மத்திய அரசின் கையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரத்தை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ இதில் பங்கில்லை. காட்டோர வயல்களில் கட்டுத்துவக்கு வெடித்து ஒருவர் காயப்பட்டால், அந்த ஊரின் சபை அனுதாபம் தெரிவிக்கலாம். விதி ஒன்றை இயற்ற முடியாது.

1987இன் 13ஆவது திருத்தம் பொலிஸ் அதிகாரங்களை எழுத்தில் மாகாணங்களுக்கு வழங்கியது. நடைமுறையில் அவை வந்துசேரவில்லை. 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்த வட மாகாண சபைக்கு அதன்பின் வருடக்கணக்காகத் தேர்தலே நடத்தப்படவில்லை. எட்மண்ட்ஸ் மக்களின் நிலை இதுவல்ல. அவர்களது சபையிடமிருந்து அதிகாரத்தை எடுத்தது அவர்களும் வாக்களித்துத் தெரிவுசெய்யும் மாநில சட்டமன்றம். கொலராடோவில் நடந்ததுபோல அதே சட்டமன்றம் அதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியும்.

அதிகாரம் கீழே வந்தால் எல்லாம் நல்லதாக நடக்கும் என்று நான் சொல்லவரவில்லை. கீழ்மட்ட சபை பிழையான விதியையும் இயற்றலாம், தன் ஊரின் பலமானவர்களுக்குப் பணியலாம். ஆனால் எந்த வீட்டில் எந்த ஆபத்து இருக்கிறது என்பதை முதலில் அறிவது அந்த ஊர்தான். மரண வீட்டுக்குப் போய் நிற்பதும் அந்த ஊர்தான். குறைந்தபட்சப் பாதுகாப்பை மேலுள்ள அரசு விதித்துவிட்டு, அதற்கு மேலே போக விரும்பும் ஊருக்கு இடம்விடும் கொலராடோவின் ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படுகிறது.

(மன அழுத்தத்தில் இருப்பவர்களும் அவர்களைப் பற்றிக் கவலைப்படுபவர்களும் இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம்.)