ஸ்கீயும் பைண்டிங்கும்: பனிக்கேற்ற தேர்வு

ஸ்கீ என்பது பனிமீது வழுக்கிச் செல்வதற்காகக் காலில் பூட்டிக்கொள்ளும் நீண்ட, ஒடுங்கிய மட்டை. பைண்டிங் என்பது அந்த மட்டையையும் சறுக்குபவரின் சப்பாத்தையும் இணைக்கும் பொறி. மட்டையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பனி. பைண்டிங்கைத் தீர்மானிப்பது ஆளின் உடம்பும் சப்பாத்தும். புதிதாக வாடகைக்கு எடுப்பவர்கள் மட்டையின் நிறத்தையும் நீளத்தையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, பைண்டிங் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் கடையை விட்டு வெளியேறுவது வழக்கம். உண்மையில் காலை முறிக்கவோ காப்பாற்றவோ கூடியது பைண்டிங்தான்.

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் ஆண்டின் மிகக் குளிர்ந்த விடியலில்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. நுவரெலியாவில் சில ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் புல்மேல் உறைபனி படர்வதுண்டு. அதில் சறுக்க முடியாது. திருகோணமலை மாவட்டத்து ஆள் ஒருவர் இந்தக் கருவிகளைத் தொடக்கூடிய இடங்கள் இரண்டு வகை. ஒன்று, காஷ்மீரின் குல்மார்க், உத்தரகண்டின் அவுலி போன்ற இமயமலைச் சரிவுகள். மற்றது, உறவினர் குடியேறிய நோர்வே, சுவிற்சர்லாந்து, கனடா. இவ்விரு வகை இடங்களிலும் விழும் பனி வேறு. ஆகவே கருவியும் வேறு.

பனி என்னும் தளம்

புதிதாக விழுந்த உலர்ந்த பனியின் ஒரு கன மீட்டர் 50 முதல் 100 கிலோகிராம் நிறையே இருக்கும். காற்று அடித்து இறுக்கிய பனியில் அது 350ஐத் தாண்டலாம். முழுப் பனிக்கட்டியாகிவிட்டால் 917. பத்து மடங்குக்கு மேல் வேறுபடும் தளங்களுக்கு ஒரே மட்டையால் ஈடுகொடுக்க முடியாது. கால் புதையும் பொடிப்பனி, இயந்திரம் உருட்டி மட்டப்படுத்திய பாதை, இரவில் உறைந்து கண்ணாடியாகும் தளம், மேலே உடையும் பொருக்கும் கீழே மாவும் கொண்ட பொருக்குப்பனி, வசந்தத்தில் பகலில் இளகி இரவில் உறைந்து பரற்கல் பருமனுக்குத் திரளும் மணிப்பனி, பிற்பகலில் அது கரைந்து உண்டாகும் சேற்றுப்பனி ஆகியவையே முக்கியமானவை. இவற்றில் மோசமானது பொருக்குப்பனி. எந்த மட்டையும் அதில் நன்றாகப் போவதில்லை. அகலமும் விறைப்பும் கொஞ்சம் உதவும், அவ்வளவே.

வழுக்குவதற்கும் வெப்பநிலைதான் அடிப்படை. மட்டையின் அடிப்புறம் உராயும்போது மிக மெல்லிய நீர்ப்படலம் உண்டாகிறது. அதன்மேல்தான் மட்டை ஓடுகிறது. கடுங்குளிரில் அந்தப் படலம் போதாமல் பனி மணல்போல் பிடிக்கும். பூச்சியத்தை நெருங்கும்போது நீர் மிஞ்சி அடியை உறிஞ்சிப் பிடிக்கும். எனவே பொலித்தீன் அடிப்புறத்தில் இயந்திரத்தால் நுண்கோடுகள் கீறுகிறார்கள். குளிர்ப்பனிக்கு நுணுக்கமான கோடு, ஈரப்பனிக்கு நீர் வழிந்தோடப் பரும்படியான கோடு.

மட்டையின் அளவுகள்

கவனிக்க வேண்டிய முதல் எண் இடை அகலம், அதாவது சப்பாத்துக்கு நேர்கீழே மட்டையின் அகலம். 65 முதல் 75 மில்லிமீட்டர் வரையுள்ள இடை, இறுகிய தளத்துக்கும் போட்டிக்கும் உரியது. 75 முதல் 90 வரை, மட்டப்படுத்திய பாதையில் பெரும்பொழுதைக் கழிப்பவருக்கு. 90 முதல் 105 வரை, பாதையில் பாதியும் அதற்கு வெளியே பாதியுமாகப் போகிறவருக்கு. அதற்கு மேல் பொடிப்பனி. ஒடுங்கிய மட்டையில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சட்டென மாறலாம். அகன்றது புதையாமல் மிதக்கும். இறுகிய தளத்தில் அகன்ற மட்டையை விளிம்பில் நிறுத்தி வைப்பது முழங்காலுக்குத் தேவையற்ற சுமை. விளம்பரங்கள் சொல்லாத செய்தி இது.

இரண்டாவது எண் பக்க வெட்டின் ஆரம். மட்டையின் நுனியும் வாலும் அகன்று நடு ஒடுங்கியிருப்பதால், சாய்த்தால் அது தானே வளைந்து திரும்பும். 12 அல்லது 13 மீட்டர் ஆரம் இறுக்கமான திருப்பத்துக்கு; 20ஐத் தாண்டினால் வேகமான, நீண்ட திருப்பத்துக்கு. நோர்வேயின் தெலமார்க் பகுதியில் மோர்கெடால் ஊரைச் சேர்ந்த சோண்ட்ரே நோர்ஹைம் 19ஆம் நூற்றாண்டிலேயே இடை ஒடுங்கிய மட்டையைப் புழங்கினார். ஆனால் ஆழமான பக்க வெட்டு உலகமெங்கும் பரவியது 1990களில், சுலோவேனியாவின் எலான் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான். அதற்கு முன் பழகியவர்கள் தங்கள் உயரத்தைவிட ஒரு சாண் கூடுதலான மட்டைகளோடு மல்லுக்கட்டியவர்கள். இன்று தொடங்குபவருக்கு மட்டை நாடிக்கும் மூக்குக்கும் இடையில் நின்றால் போதும்.

மூன்றாவது, பக்கத்திலிருந்து பார்க்கும்போது தெரியும் வளைவு. தரையில் வைத்தால் நடு சற்றே எழும்பி நிற்கும் மட்டை, ஆள் ஏறி நின்றதும் முழு நீளத்துக்கும் அழுந்தி, இறுகிய தளத்தை விளிம்பால் கவ்விக்கொள்ளும். இதற்கு மாறாக நுனியும் வாலும் மேல்நோக்கி வளைந்திருப்பதை ரொக்கர் என்பர். கிண்ணியாக் கரையில் இழுத்துவைத்த மீன்பிடி வள்ளத்தின் அணியம் அலையேறுவதற்காக நிமிர்ந்திருக்கிறதே, அதே வேலையை ரொக்கர் பொடிப்பனியில் செய்கிறது: நுனி அமிழாமல் மேலேறுகிறது. அமெரிக்கச் சறுக்கு வீரர் ஷேன் மெக்கோங்கி, தண்ணீரில் இழுத்துச் செல்லும் நீர்ச்சறுக்கு மட்டைகளைப் பார்த்து இந்த எண்ணத்தைப் பெற்றார். அவர் முயற்சியால் வோலண்ட் நிறுவனம் 2002இல் 'ஸ்பாச்சுலா' என்னும் மட்டையை வெளியிட்டது. பக்க வெட்டும் வளைவும் இரண்டுமே தலைகீழாக அமைந்த மட்டை அது. பனியை ஒரு திரவமாக எண்ணிப் பார்த்த முதல் சந்தைப் பொருள் அதுவே எனலாம். இப்போது பெரும்பாலான பொதுப்பயன் மட்டைகளில் நுனியில் ரொக்கரும் நடுவில் எழும்பலும் கலந்தே வருகின்றன.

விளிம்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1926இல் சால்ஸ்பேர்க்கைச் சேர்ந்த ருடோல்ப் லெட்னர் எஃகு விளிம்புக்குக் காப்புரிமை பெற்றார். கூர் மழுங்கிய விளிம்பு பொடிப்பனியில் யாருக்கும் தெரியாது. உறைந்த தளத்தில் முதல் திருப்பத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

குல்மார்க்: மிதப்பதற்கான மலை

கிண்ணியாவில் வடகீழ்ப் பருவமழை கொட்டும் மாதங்களில்தான் குல்மார்க்கிலும் பனி சேர்கிறது. ஆனால் காற்று வேறு: மத்தியதரைக் கடற்பக்கமிருந்து கிழக்கே நகர்ந்து வரும் மேற்கத்திய இடையூறுகள். சில்லாய் கலான் என்று காஷ்மீரிகள் சொல்லும் கடுங்குளிரின் 40 நாட்கள் டிசம்பர் 21 முதல் ஜனவரி இறுதிவரை நீளும். பொடிப்பனி தரத்தோடு இருப்பது அந்த நாட்களிலும் பெப்ரவரியிலும்தான்.

பிரித்தானிய அதிகாரிகள் 1927இல் இங்கே இந்திய ஸ்கீ கழகத்தைத் தொடங்கினார்கள். 2,650 மீட்டர் உயரத்திலுள்ள புல்வெளியிலிருந்து கொங்டூரி வரை செல்லும் கம்பிவட ஊர்தி 1998இல் இயங்கத் தொடங்கியது; 2005இல் அடுத்த கட்டம் அப்பர்வட் மலையின் தோள்வரை, ஏறத்தாழ 4,000 மீட்டருக்கு எட்டியது. மட்டப்படுத்திய பாதை இங்கே கொஞ்சம்தான். ஊர்தியின் மேல்நிலையத்தில் இறங்கியதும் எதிரே இருப்பது இயற்கையாக விழுந்த பனி. எனவே ஐரோப்பியப் பாதைகளுக்கு வாங்கிய 72 மில்லிமீட்டர் மட்டையோடு அப்பர்வட்டுக்குப் போகிறவர் பாதி நாளைப் புதைகுழியில் கழிப்பார். அங்கே 100 முதல் 115 வரையுள்ள இடையும் நுனி ரொக்கரும் பொருத்தம். கீழே ஆரம்பச் சரிவில் பழகுபவருக்கு இவை எதுவும் வேண்டாம். குட்டையான, நெகிழ்வான, 80க்கு உட்பட்ட இடையுள்ள மட்டையே இலகு.

இன்னொன்று: 34 பாகை அகலாங்கில், இத்தனை உயரத்தில் வெயில் உறைப்பானது. தெற்கு நோக்கிய சரிவுகள் ஓரிரு நாளில் பொருக்காகிவிடும். வடக்கு நோக்கியவை கிழமைக்கணக்கில் உலர்ந்திருக்கும். ஒரே மலையில், ஒரே காலையில், இரண்டு வகை மட்டைக்கு வேலை இருக்கிறது. பனிச்சரிவு ஆபத்தும் இங்கே மெய்யானது. மிதக்கும் மட்டை கிடைத்துவிட்டது என்பதற்காக எல்லைக் கயிற்றைத் தாண்டக்கூடாது. தாண்டுபவருக்கு வானொலிக் காட்டி, துழாவும் கோல், மண்வெட்டி மூன்றும் மட்டையைவிட முக்கியம்.

குல்மார்க்கின் அடிவாரப் பகுதியில் வளர்ந்த ஆரிப் கான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே போட்டியாளர். ஜயன்ட் ஸ்லாலமில் 45ஆம் இடம் பெற்றார். அவர் ஏறி நின்றது பிறந்த மண்ணின் அகன்ற மட்டையில் அல்ல. போட்டிப் பாதையில் தண்ணீரைச் செலுத்தி உறைய வைத்துக் கல்லாக்குகிறார்கள். அதற்கு 65 மில்லிமீட்டர் அளவிலான இடையும், ஆண்களுக்கு 30 மீட்டர் ஆரமும் கொண்ட விறைத்த மட்டை தேவை.

பைண்டிங்

பழங்காலத்தில் ஒரு தோல்வார் முன்பாதத்தைப் பிடித்துக்கொண்டால் போதுமாக இருந்தது. நோர்ஹைம் முறுக்கிய மிலார்க் கொடியைக் குதிகாலைச் சுற்றிக் கட்டி, மட்டையைக் காலோடு ஒன்றாக்கினார்; தாவலும் திருப்பமும் அதன்பின் சாத்தியமாயின. 1894இல் பிரிட்ஸ் ஹூயிட்பெல்ட் இரும்புக் கன்னங்கள் கொண்ட பிடியை அமைத்தார். 1927இல் புரோர் வித், மூன்று முளைகளில் சப்பாத்து நுனியை மாட்டும் ரொட்டெபெல்லாவைக் கொண்டுவந்தார். பிடி இறுக இறுக விழுந்தவரின் கால் முறிவதும் கூடியது. நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த யால்மர் வாம் 1937இல் தன் காலை முறித்துக்கொண்டு மருத்துவமனையில் கிடந்தபோது, விழுந்தால் தானே விடுபடும் பைண்டிங்கை எண்ணிப் படைத்தார். இன்றைய மலைச்சரிவு பைண்டிங்குகள் அந்த வழிவந்தவை: முன்பகுதி பக்கவாட்டு முறுக்கலிலும், குதிப்பகுதி முன்னோக்கிய சாய்விலும் சப்பாத்தை விட்டுவிடும்.

எவ்வளவு விசையில் விட வேண்டும் என்பதே டின் எண். நிறை, உயரம், வயது, சப்பாத்து அடியின் நீளம், சறுக்கும் பாங்கு ஆகிய ஐந்தையும் ஐஎஸ்ஓ 11088 அட்டவணையில் வைத்துப் பார்த்து அதைத் தொழில்நுட்பவியலாளர் குறிக்கிறார். நீண்ட அடி அதிக நெம்புவிசை தருவதால் எண் குறையும். 50 வயதைக் கடந்தவருக்கும் 10 வயதுக்குக் குறைந்தவருக்கும் மேலும் ஒரு படி குறையும். சிறுபிள்ளைக்கு 1, 2 என்றிருக்கும் எண், போட்டியாளருக்குப் பத்தைத் தாண்டும். வாடகைக் கடையில் நிறையைக் குறைத்துச் சொல்வதும் "நான் நல்லாச் சறுக்குவன்" என்று அளப்பதும் இந்த எண்ணைத்தான் பிழையாக்குகின்றன. மட்டை ஒருமுறை கழன்றுவிட்டது என்பதற்காகத் திருகை இறுக்குவது அதைவிடப் பிழை.

இந்தப் பொறிகளால் கணைக்கால் எலும்பு முறிவுகள் பெரிதும் குறைந்தன. மருத்துவர்கள் ஏ.சி.எல். என்று சுருக்கிச் சொல்லும் முழங்கால் நாண் அறுவதை அவற்றால் அதே அளவுக்குத் தடுக்க முடியவில்லை. பின்னோக்கிச் சாய்ந்து முறுகி விழும்போது வரும் விசையைச் சாதாரண பைண்டிங் கண்டுகொள்வதில்லை.

பனி பைண்டிங்கையும் தொடாமல் விடுவதில்லை. சப்பாத்தடியில் ஒட்டிய பனியைச் சுரண்டாமல் மிதித்தால் பூட்டு சரியாக விழாது. விழுந்தாலும் விடுபடும் எண் மாறிப்போகும். கழன்ற மட்டை ஓடாமல் நிறுத்தும் தடைக்கம்பிகள் இடை அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். ஆழமான பொடிப்பனியில் கழன்ற மட்டை உள்ளே புதைந்து மறைவதால், அதில் நீண்ட வண்ண நாடா கட்டுவோரும் உண்டு. ஊர்தி இல்லாத மலையில் நடந்தேறுபவருக்கு குதிகால் எழும்பும் பைண்டிங் வேண்டும். ஒஸ்திரியாவின் பிரிட்ஸ் பார்தெல் 1980களில் அமைத்த முள்வகை, மிக இலேசானது. ஏற்றத்துக்கு அதற்கு இணையில்லை. கல்லான தளத்தில் வேகமாக இறங்குவதற்கு அதன் பிடி முரடாகத் தோன்றும். சப்பாத்து அடிகளும் பல தரங்களில் வருவதால், எந்தச் சப்பாத்தும் எந்தப் பைண்டிங்கிலும் போகும் என்று எண்ணிவிடக்கூடாது.

நோர்வேத் தமிழரும் சமதரை ஸ்கீயும்

குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வேயை அடைந்தார். 1980களில் வந்த தமிழர் பலர் வடகோடியான பின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் முதலில் மாட்டிக்கொண்டது மலைச்சரிவு மட்டையை அல்ல. பாலர் பள்ளியும் பாடசாலையும் அழைத்துச் செல்லும் சமதரை ஸ்கீயை. ஒடுங்கியது, இலேசானது, முன்விரல் மட்டும் மாட்டி குதிகால் எழும்பும் பைண்டிங் கொண்டது.

இங்கே கணக்கு மாறுகிறது. மட்டையைத் தீர்மானிப்பதில் பனியோடு உடல் நிறையும் சேர்ந்துகொள்கிறது. மட்டையின் நடு எழும்பியிருக்கும். உந்தும்போது முழு நிறையும் ஒரு காலில் விழுந்து அந்த நடுப்பகுதி பனியைத் தொட வேண்டும், வழுக்கும்போது தொடக்கூடாது. விறைப்பு கூடினால் ஏற்றத்தில் பின்னோக்கி வழுக்கும். குறைந்தால் இறக்கத்தில் இழுபடும். அண்ணனின் மட்டை தம்பிக்கு உயரத்தால் பொருந்தியும் பயன்படாமல் போவது இதனால்தான்.

நடுப்பகுதிக்குப் பூசும் பிடிமெழுகு பனியின் வெப்பநிலைக்கு ஏற்ப நிறம் பிரிக்கப்பட்டது: கடுங்குளிருக்குப் பச்சை, அடுத்து நீலம், பூச்சியத்தை ஒட்டி ஊதாவும் சிவப்பும். கரைந்து மறுபடி உறைந்த பழைய பனிக்குப் பாகுபோல ஒட்டும் கிளிஸ்டர். கையிலும் உடுப்பிலும் காரின் ஆசனத்திலும் ஒட்டிக்கொண்டு எளிதில் போகாத சனியன் அது. அவசரக் காலைகளில் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு, அடியில் மொஹேர் மயிர்ப்பட்டை பதித்த, மெழுகு வேண்டாத மட்டையே உத்தமம். பிள்ளைகளுக்குக் கருவிகளை இலவசமாக இரவல் தரும் 'பூவா' நிலையங்கள் அங்கே ஊரெங்கும் உண்டு. ஆண்டுதோறும் வளரும் காலுக்குப் புதிது வாங்கத் தேவையில்லை. வேகத்துக்காகப் பூசிய புளோரின் மெழுகை, சூழலில் நெடுங்காலம் அழியாமல் தங்குவதால், அனைத்துலக ஸ்கீ கூட்டமைப்பு 2023-24 பருவம் முதல் போட்டிகளில் தடைசெய்திருக்கிறது.

பனி குறையும்போது

2024 ஜனவரியில் குல்மார்க் வெறும் புல்லாகக் கிடந்தது. பெப்ரவரி முதல் கிழமையில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பெப்ரவரி 21க்குத் தள்ளிப்போயின. மெல்லிய பனிக்குக் கீழே பாறை இருக்கும்போது இடை அகலம், ரொக்கர் என்ற கணக்கெல்லாம் பின்னுக்குப் போய்விடும். அடிப்புறம் கீறுபடும், எஃகு விளிம்பு பெயரும். கீறலை உருக்கிய பொலித்தீனால் நிரப்பலாம். பெயர்ந்த விளிம்பைத் திருத்துவது செலவான வேலை. நோர்வேஜியர்கள் இதற்கென்றே தேய்ந்துபோன பழைய சோடி ஒன்றை வீசாமல் வைத்திருப்பார்கள், கல் ஸ்கீ என்று பெயரிட்டு. பருவத்தின் முதல் பனிக்கும் கடைசிப் பனிக்கும் அதைத்தான் எடுப்பார்கள்.