சிறுதேரும் பெருந்தேரும்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பாற் பருவங்கள் பத்தினுள் இறுதியில் வைத்தது சிறுதேர்ப் பருவம். பின்னாளிற் பெருந்தேர் ஊர வேண்டியவன் முன்னாளிற் சிறுதேர் உருட்டிப் பழகுகின்றான் என அதனைக் கொள்ளலாம். பெரியதைப் பார்த்துச் சிறியதைச் செய்து விளையாடுதல் எந்நாட்டுச் சிறார்க்கும் பொதுவானதே. ஆயின், பெரியதன் நிழலாகப் பிறந்த சிறியது வளர்ந்து, அப்பெரியதற்கே உருவும் பொருளும் வழங்கியமை வரலாற்றில் அரிதாகவே காணப்படும். அத்தகைய நிகழ்ச்சியொன்று கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்தது. 'ஹொட் றொட்' என வழங்கும் விரைவு வண்டிகளையும் நேரோட்டப் பந்தய வண்டிகளையும் கைக்கடங்கும் அளவிற் செய்து, அவற்றைத் தத்தம் கருத்துக்கேற்ப மாற்றியமைத்த இளைஞர்களின் வரலாறே அது.

முதலிற் பெரிய வண்டியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ஹென்றி போர்ட் என்பார் 1908 முதல் 1927 வரை 'ரி' வகை மோட்டார் வண்டிகளை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து விற்றார். 1932இல் அவரது தொழிற்சாலை, எட்டுச் சிலிண்டர்களை 'வி' வடிவில் அமைத்த 65 பரிவலு எஞ்சினை எளியோரும் வாங்கத்தக்க விலையில் வெளியிட்டது. இவ்வண்டிகள் பழையனவாகி மலிந்து கிடந்த காலத்தில், தென் கலிபோர்ணியாவிலிருந்த இளைஞர்கள் அவற்றை வாங்கினர். மட்காட்டுகளைக் கழற்றி எறிந்தனர்; கூரையை அறுத்துத் தாழ்த்தினர்; எஞ்சினைத் திருத்தி வலுவைப் பெருக்கினர். முறொக், எல் மிராஜ் முதலிய வறண்ட ஏரிப் படுகைகளில் அவற்றை ஓட்டி வேகம் அளந்தனர். அவர்தம் கழகங்கள் பல ஒன்றுகூடி 1937இல் தென் கலிபோர்ணிய நேரக்கணிப்புச் சங்கத்தை நிறுவின.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இப்பழக்கம் நாடெங்கும் பரவியது. 1948 ஜனவரியில் 'ஹொட் றொட்' என்னும் பெயரிலேயே ஒரு சஞ்சிகை தோன்றியது. இரு வண்டிகள் அருகருகே நின்று, நிலையிலிருந்து புறப்பட்டுக் கால் மைல் தூரத்தை நேர்கோட்டில் ஓடி முடிக்கும் 'ட்ராக்' பந்தயம் 1950இல் சான்ரா ஆனா விமான நிலையத்தில் ஒழுங்காக நடைபெறத் தொடங்கிற்று. 1951இல் தேசிய ஹொட் றொட் சங்கம் அமைந்தது; 1955இல் அது தன் முதலாவது தேசியப் போட்டியைக் கன்சாஸ் மாநிலத்துக் கிரேற் பென்ட் நகரில் நடத்தியது. இவை யாவற்றுக்கும் அடியில் நின்ற கொள்கை ஒன்றே: தொழிற்சாலை தந்ததை முடிந்த முடிபாக ஏற்காமை.

இக்கொள்கையைக் கைக்கொள்ளுதற்குப் பணம் வேண்டும், கருவிகள் வேண்டும், வண்டி நிறுத்த இடம் வேண்டும், சாரதி அனுமதிப் பத்திரம் பெறும் வயதும் வேண்டும். பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் இவற்றுள் ஒன்றுமில்லை. அவனுக்கு வழி திறந்தது, எவரும் எதிர்பாராத திசையிலிருந்து.

டெற்றொயிற் நகர்ப் பகுதியில் 1948இல் தோன்றிய ஏ.எம்.ரி. என்னும் நிறுவனம் சிறுவர்களை மனத்திற்கொண்டு தொடங்கப்பட்டதன்று. புதிய போர்ட் வண்டிகளின் சிற்றுருவங்களைச் செய்து விற்பனையாளருக்கு வழங்குதலே அதன் தொழில். பெயரின் முதலெழுத்து அலுமினியத்தைக் குறிக்கும். முதலிற் செய்தவை அவ்வுலோகத்தினாலானவை. பின்னர் பிளாஸ்டிக்குக்கு மாறியபோது, தொடக்கத்திற் பயன்பட்ட செலுலோஸ் அசற்றேற்று நாட்செல்ல முறுக்கி வளைந்தது. அதனிடத்தைப் பொலிஸ்டைரீன் பிடித்தது. வாடிக்கையாளனின் மேசைமேல் வைத்து வண்ணம் காட்டுதற்கும், பிள்ளையின் கையிற் கொடுத்துத் தந்தையின் மனத்தை இளக்குதற்கும் அச்சிற்றுருவங்கள் பயன்பட்டன. சுருங்கக் கூறின், அவை விளம்பரங்கள். இக்காலத்திற் கலிபோர்ணியாவின் றெவெல் நிறுவனமும் சிக்காகோவின் மொனோகிராம் நிறுவனமும் ஒட்டிச் செய்யும் மாதிரிப் பெட்டிகளை விற்றுவந்தன. எனினும் அவற்றை வாங்கியவன் தாளில் உள்ளவாறு ஒட்டினான், அவ்வளவே.

1958இல் ஏ.எம்.ரி. வெளியிட்ட பெட்டி இந்நிலையை மாற்றியது. ஒரே பெட்டியினுள் மூன்று வண்டிகளுக்கான பாகங்கள் இருந்தன. தொழிற்சாலையில் வெளிவந்த வடிவிலும் கட்டலாம். அழகுக்காக மாற்றியமைத்த வடிவிலும் கட்டலாம். பந்தய வடிவிலும் கட்டலாம். ஆனால் உடற்பகுதி ஒன்றே. ஆதலின் பெட்டியைத் திறந்தவுடன் சிறுவன் தன் வண்டி எது என்பதைத் தானே தீர்மானிக்க வேண்டியவனானான். கட்டி முடித்த பின்னரோ, பயன்படாத சக்கரங்களும் கரியகற்றுக் குழாய்களும் எஞ்சின் உறுப்புகளும் மிஞ்சின. அவற்றை ஒருவரும் எறியவில்லை. பழைய பிஸ்கற் தகரத்தில் இட்டு வைத்தனர்; அடுத்த வண்டிக்கு முந்திய வண்டியின் எஞ்சின் வந்து பொருந்தியது. தகப்பன்மார் கழிவு வண்டிகளின் நடுவே தேடியதை மக்கள் தகரப் பெட்டியினுள் தேடினர். இச்சிறு தந்திரத்தை வகுத்தவர் வியாபாரிகளே. அதன் விளைவு வியாபாரத்தின் எல்லையைக் கடந்தது.

இவ்வண்டிகளின் அளவுத்திட்டம் பெரும்பாலும் இருபத்தைந்தில் ஒன்று. 1932ஆம் ஆண்டுப் போர்ட் வண்டியின் இருசுகளுக்கிடைப்பட்ட தூரம் 106 அங்குலம். சிறுதேரில் அது நாலேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. கால் மைல் ஓடுபாதையை அவ்வாறே சுருக்கினால் 52.8 அடியாகும், ஏறக்குறைய ஒரு பாடசாலை மண்டபத்தின் நீளம். கணக்கு எளிது, கைவேலை எளிதன்று. கூரையைத் தாழ்த்துதலை எடுத்துக்கொள்வோம். சாளரத் தூண்களைச் சமமாக அறுத்தெடுத்துக் கூரையை இறக்கினால் அது கீழுள்ள தூண்களோடு பொருந்தாது. என்னை? தூண்கள் செங்குத்தாக நில்லாது உட்சாய்ந்திருத்தலின், கீழே வரவர இடைவெளி அகலும். எனவே கூரையையும் நடுவே அறுத்து நீட்டுதல் வேண்டும், அல்லது தூண்களைச் சாய்த்தல் வேண்டும். உருக்குத் தகட்டை அறுத்து ஒட்டும் தொழிலாளிக்கு உள்ள இடர்ப்பாடு, மெல்லிய வாளால் பிளாஸ்டிக்கை அறுக்கும் மாணவனுக்கும் எள்ளளவுங் குறையாது உண்டு. மூட்டை நிரப்பிக் காயவிட்டுத் தேய்த்து, மீண்டும் நிரப்பித் தேய்த்தால்தான் மூட்டு மறையும்.

பொருளைச் சுருக்கலாம், ஒளியைச் சுருக்க இயலாது என்பதையும் அவர்கள் கண்டறிந்தனர். பெரிய வண்டியிற் பூசும் வண்ணத்திலுள்ள உலோகத் துகள் சிறிய வண்டியில் இட்டால் கூழாங்கற்போலத் தோன்றும். ஆகவே மிக நுண்ணிய துகள் தேடினர். தீப்பொறிக் கம்பியின் தடிப்பு 7 மில்லிமீற்றராயின், மாதிரியில் அது மூன்றில் ஒரு மில்லிமீற்றரினும் குறையும். அதற்கு நூலும் மென்கம்பியும் உதவின. எட்டுச் சிலிண்டர்களுக்கும் எட்டு நூல்களை உரிய இடத்திற் பூட்டியவன், எஞ்சின் இயங்கும் முறையை நூலில் படித்தவனைவிட நன்கறிந்தவனாதல் கூடும்.

இதனை வெறும் பொழுதுபோக்கென்று கருதியோர் பலர். அக்கருத்தை மறுக்கும் சான்று மோட்டார்த் தொழிலின் உள்ளிருந்தே கிடைக்கின்றது. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவு 1930 முதல் 1968 வரை சிறுவர்க்கான கைவினைப் போட்டியொன்றை நடத்திப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில்களை வழங்கியது. முதலில் நெப்போலியன் காலக் குதிரை வண்டியைச் செய்யுமாறு பணித்தது. பின்னர் சுயமாக வகுத்த மோட்டார் வண்டிகளையும் ஏற்றது. 1947இல் அதிற் பரிசு பெற்ற சக் ஜோர்டன் 1986இல் அந்நிறுவனத்தின் வடிவமைப்புத் துறைக்கே துணைத் தலைவரானார். ஹொட் றொட் சிறுவர்களுக்கு அத்தகைய புரவலர் இல்லை. அவர்களுடைய ஆசான்மார் வேறு வகையினர்.

அவ்வாசான்மாருள் ஒருவர் ஜோர்ஜ் பாரிஸ். அவர் கைவண்ணத்தில் உருவான 'அலா கார்ட்' என்னும் வண்டி 1958இலும் 1959இலும் ஓக்லண்ட் கண்காட்சியில் முதற்பரிசு பெற்றது, ஏ.எம்.ரி. அதனை மாதிரிப் பெட்டியாக்கியது. மற்றொருவர் எட் றொத். கண்ணாடி நாரினால் உடற்பகுதி செய்து 'அவுட்லோ' என்னும் வண்டியை 1959இல் முடித்தவர் அவர். 1962 முதல் அவர் வண்டிகளை றெவெல் நிறுவனம் பெட்டிகளில் விற்றது; பெட்டியொன்றுக்கு ஒரு சதம் அவருக்கு உரிமைப்பணமாகக் கிடைத்ததென்பர். ஒரு சதம் சிறு தொகையே. ஆயினும் கண்காட்சிக்குச் செல்ல வழியில்லாத சிற்றூர்ச் சிறுவனின் மேசைக்கு அவ்வண்டி சென்றது அச்சதத்தின் வழியாகவே.

இதுவரை பெரியது முன்னும் சிறியது பின்னுமாகச் சென்றன. 1968இல் வரிசை மாறியது. ரொம் டானியல் என்னும் வடிவமைப்பாளர் மொனோகிராம் நிறுவனத்துக்காகச் 'செந்நிறப் பிரபு' என்னும் பொருள்படும் பெயருடைய வண்டியொன்றை வரைந்தார். முதலாம் உலகப் போர்க்கால ஜெர்மானியத் தலைக்கவசமே அதன் கூரை; அக்கால விமான எஞ்சினே அதன் எஞ்சின். அவ்வாறான வண்டி உலகில் எங்கும் இருந்ததில்லை. மாதிரி பெருவாரியாக விற்பனையாகவே, டெற்றொயிற்றிலிருந்த சக் மில்லர் மறு ஆண்டில் அதனை முழு அளவிற் கட்டினார். விமான எஞ்சினுக்குப் பதிலாகப் பொன்ரியாக் வண்டியின் ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பூட்டினார். சிறியதிலிருந்ததைப் பெரியதிற் செய்ய இயலாமற் போன விந்தை இது.

அடுத்து, பணமும் திசைமாறிப் பாய்ந்தது. நேரோட்டப் பந்தயத்தில் டொன் புறூடொம் 'பாம்பு' என்றும், ரொம் மக்கீவன் 'கீரி' என்றும் பெயர் பூண்டு மோதினர். கீரியும் பாம்பும் என்னும் பகை நமக்குப் புதிதன்று; அமெரிக்கச் சிறார்க்கும் அது எளிதில் விளங்கிற்று. 1968இல் 'ஹொட் வீல்ஸ்' என்னும் சிறு உலோக வண்டிகளை வெளியிட்ட மற்றெல் நிறுவனம் 1970இல் இவ்விருவருக்கும் பொருளுதவி வழங்கியது. மோட்டார் உறுப்பு விற்பவரல்லாத ஒரு நிறுவனம் இப்பந்தயத்திற் பெரும்பணம் இட்டமைக்கு இது முதன்மையான எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. இருபது ஆண்டுகளின் முன் வண்டி விற்கப் பொம்மை செய்தனர். இப்போது பொம்மை விற்று வண்டி ஓட்டினர். ஒன்றை மட்டும் மறைத்தலாகாது: ஹொட் வீல்ஸ் வண்டியில் ஒட்டவோ அறுக்கவோ ஒன்றுமில்லை. வாங்கியவன் உருட்டினான். ஒட்டுவோர் தொகை குறைந்தமைக்கு அதுவும் ஒரு காரணம் எனலாம். பசையிலிருந்த தொலுயீனைச் சிலர் போதைக்காக முகர்ந்தமையும், அதனைத் தடுக்க 1960களின் இறுதியிற் கடுகெண்ணெய்ச் சாரம் கலக்கப்பட்டமையும் பெற்றோரின் ஐயத்தை வளர்த்தன.

அதே 1970இல், மார்ச் 8ஆம் திகதி, டொன் கார்லிற்ஸ் என்னும் புகழ்பெற்ற ஓட்டுநரின் வண்டியில் விசைமாற்றி வெடித்து, அவரது வலப் பாதத்தின் ஒரு பகுதியைச் சிதைத்தது. அக்காலத்து நீள் வண்டிகளில் எஞ்சின் முன்னும் ஓட்டுநர் பின்னும் இருப்பர். வெடிப்பது எதுவாயினும் அவர்மேலேயே தெறிக்கும். மருத்துவமனையிலிருந்து மீண்ட கார்லிற்ஸ் எஞ்சினைப் பின்னால் வைத்து ஒரு வண்டி கட்டி 1971இல் வெற்றி கண்டார். சில ஆண்டுகளுள் முன்னெஞ்சின் வண்டிகள் முதன்மைப் பந்தயங்களினின்றும் மறைந்தன. அவற்றுட் பல பிரிக்கப்பட்டன. அவ்வண்டிகளின் நெடிய மேனியையும் ஓட்டுநர் ஒடுங்கியிருந்த இருக்கையையும் 1960களின் மாதிரிப் பெட்டிகள் விடாது வைத்திருந்தன.

பெட்டிகளுக்கு மூலமான உருக்கு அச்சுகள் அத்துணை நற்பேறு பெற்றிலா. அச்சு வெட்டுதல் பெருஞ்செலவு பிடிக்கும் வேலை. ஆதலின் நிறுவனங்கள் ஓராண்டின் அச்சையே செதுக்கி அடுத்த ஆண்டின் வண்டியாக்கின. சாதாரண வண்டியின் அச்சுச் சில, மட்காட்டு வளைவு விரிக்கப்பட்டுப் பந்தய வண்டியின் அச்சாயின. உருக்கிலே வெட்டியதை மீள ஒட்டமுடியாது. அச்சு இவ்வாறு இழக்கப்பட்ட வண்டிகள் சிலவற்றை அண்மை ஆண்டுகளில் மீண்டும் வெளியிட விரும்பியோர், கட்டப்படாமல் எங்கோ எஞ்சியிருந்த பழைய பெட்டிகளைத் தேடிப் பெற்று, அவற்றின் பாகங்களை அளந்தே புதிய அச்சு வெட்டினர்.