வீட்டுக் கணனியின் பாதுகாப்பு வீட்டாரின் பொறுப்பே

மருதமுனை முதல் பொத்துவில் வரையான எமது கரையோர ஊர்களில் கணனி இன்று ஆடம்பரப் பொருளன்று. 2020 ஆம் ஆண்டு கொரோனா முடக்கத்தின் போது பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் திரை வழியே வீடு தேடி வந்த நாட்களில், அதுவரை கணனியைக் கண்டிராத வீடுகளுக்கும் அது வந்து சேர்ந்தது. கட்டாரிலும் சவூதியிலும் தொழில் புரியும் தந்தையின் முகத்தைப் பிள்ளைகள் காண்பதும், வங்கிக் கணக்கு பார்க்கப்படுவதும், பல்கலைக்கழக மாணவியின் ஆய்வுக் கட்டுரை எழுதப்படுவதும், திருமண வீட்டுப் படங்கள் சேமிக்கப்படுவதும் இன்று அதிலேயே. ஆயினும் வீட்டுக் கதவுக்குப் பூட்டு வாங்குவதில் நாம் காட்டும் அக்கறையைக் கணனி விடயத்தில் காட்டுவதில்லை என்பதே கவலைக்குரிய உண்மையாகும்.

இந்த அலட்சியம் சாதாரண வீடுகளுக்கு மட்டும் உரியதன்று. 2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் எமது நாட்டின் அரச மின்னஞ்சல் சேவையே கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்குள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5000 மின்னஞ்சல் முகவரிகளின், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. பயன்பாட்டிலிருந்தது காலங்கடந்த 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அந்தக் காலப்பகுதிக்குரிய பிரதிகள் வேறோர் இடத்தில் துண்டித்து வைக்கப்பட்டிருக்கவுமில்லை. பழைய மென்பொருள், பிரதியின்மை ஆகிய இவ்விரு தவறுகளும் எமது வீடுகளிலும் நாளாந்தம் நிகழ்பவையே.

முதலாவது தவறை எடுத்துக்கொள்வோம். இயங்குதளத்தில் ஓட்டை கண்டுபிடிக்கப்படும் போதெல்லாம் அதனை அடைக்கும் திருத்தத்தைத் தயாரிப்பு நிறுவனம் வெளியிடுகின்றது. 2017 மே 12 இல் சுமார் 150 நாடுகளில் பரவிய ‘வன்னாக்ரை’ பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதற்கு இரு மாதங்களுக்கு முன்னரே, மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அத்திருத்தத்தை உரிய காலத்தில் நிறுவியிருந்தோரின் கணனிகளுள் அதனால் அவ்வழியே நுழைய முடியவில்லை. எனவே, ‘டேட்டா முடிந்துவிடும்’ என்று மேம்படுத்தலை நிறுத்தி வைப்பது சிக்கனமாகாது.

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 இலும், விண்டோஸ் 7 க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 இலும், விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இலும் முடிவடைந்தன. புதிய பதிப்பை ஏற்கக்கூடிய கணனிகளை உடனே மாற்றிக்கொள்ள வேண்டும். ஏற்காத பழைய கணனிகளில் ‘லினக்ஸ் மின்ட்’ போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவலாம். அதுவும் இயலாதெனின், வங்கி அலுவல்களுக்கு அக்கணனியைப் பயன்படுத்தாது விடுவதே மேல். பூட்டுடைத்த களவுப் பிரதிகள் குறித்தும் ஒரு வார்த்தை. அவற்றை இயக்குவதற்காக வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்பவன் எமது காவலாளியை வெளியே அனுப்பச் சொல்கிறான் என்பதை உணர வேண்டும். ‘லிப்ரே ஒபிஸ்’ போன்ற இலவச மென்பொருட்கள் இருக்கையில் அந்த ஆபத்து எதற்கு?

வைரஸ் தடுப்பைப் பொறுத்தவரை, விண்டோஸ் 10, 11 பதிப்புகளோடு வரும் ‘டிபென்டர்’ வீட்டுத் தேவைக்குப் போதுமானது. ஒரே நேரத்தில் இரண்டு தடுப்புகளை இயக்கினால் அவை ஒன்றோடொன்று மோதிக் கணனியை மந்தமாக்கும். எமது ஊர்களில் வைரஸ் பெரிதும் பயணம் செய்யும் வாகனம் பென் டிரைவ் ஆகும். 2008 நவம்பரில் தோன்றிய ‘கொன்பிக்கர்’ உலகெங்கும் பரவிய வழிகளுள் அதுவும் ஒன்று. போட்டோகொப்பிக் கடைக்குப் பிரதி எடுக்கச் செல்வோர், அதற்கெனத் தனியான பென் டிரைவில் தேவையான கோப்பை மட்டும் கொண்டு செல்வதும், திரும்பியதும் திறப்பதற்கு முன்னர் பரிசோதிப்பதும் நன்று. கடைக் கணனியில் தமது மின்னஞ்சலுக்குள் நுழைவதை முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

இரண்டாவது தவறு பிரதியின்மை. 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைக் காவுகொண்டது. எஞ்சியோர் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தேடி அலைந்த அலைச்சலை இக்கரையோரத்துக்கு எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஒரே இடத்தில் வைக்கப்பட்டது ஒரே அலையில் போய்விடும். ஆதலால் முக்கிய கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் இருத்தல் வேண்டும்: ஒன்று கணனியில், மற்றொன்று புறவன்தட்டில், மூன்றாவது இணையச் சேமிப்பிலோ வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டிலோ. புறவன்தட்டைப் பிரதி எடுத்தவுடன் கழற்றிவிட வேண்டும். கப்ப மென்பொருள் புகுந்தால் இணைக்கப்பட்டிருக்கும் தட்டையும் அது பூட்டிவிடும். வன்தட்டில் ‘டிக் டிக்’ என்ற ஓசை கேட்டால் மேலும் இயக்காது உடனே நிறுத்தி, தேர்ந்தவரிடம் காட்ட வேண்டும்.

இனி கடவுச்சொல். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் கடவுச்சொல்லாக இருப்பின் அது ஊரறிந்த இரகசியமே. தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்து அமைப்பது நீளமாகவும் நினைவில் நிற்பதாகவும் இருக்கும். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வெவ்வேறு கடவுச்சொற்கள் வேண்டும். வட்ஸ்அப் வழியே நடைபெறும் மோசடியோ கடவுச்சொல்லைக் கேட்பதில்லை; தெரிந்தவர் ஒருவரின் பெயரில் வந்து, ‘தவறுதலாக உங்களுக்கு ஓர் ஆறிலக்கம் வந்திருக்கிறது, அனுப்புங்கள்’ என்கிறது. அதை அனுப்பிய மறுகணம் கணக்கு கைமாறிவிடும். பின்னர் வெளிநாட்டிலுள்ள கணவருக்கு மனைவியின் பெயரிலேயே ‘அவசரமாகப் பணம் தேவை’ என்ற செய்தி செல்லும். வட்ஸ்அப் அமைப்பில் இரு படிச் சரிபார்ப்பை இயக்கி, தனியான ஓர் இரகசிய இலக்கத்தை இட்டுக்கொள்வதே இதற்குப் பூட்டு. பணம் கேட்டுச் செய்தி வந்தால், குரலைக் கேட்டு உறுதிப்படுத்தாமல் ஒரு சதமும் அனுப்பலாகாது.

பராமரிப்பில் கரையோரத்துக்கே உரிய பிரச்சினைகள் உண்டு. உப்புக் காற்றும் ஈரப்பதனும் உலோகத் தொடுகைகளை அரிக்கின்றன. பல நாட்கள் மூடிக்கிடந்த கணனி திரை வராது ஓசை மட்டும் எழுப்புமாயின், நினைவகச் சில்லின் தொடுகையில் படிந்த களிம்பு காரணமாக இருக்கலாம். வாரத்துக்கு ஓரிரு தடவையேனும் இயக்கினால் உள்வெப்பம் ஈரத்தை அகற்றும். கடலை நோக்கிய ஜன்னலருகே கணனியை வைக்கலாகாது. சில மாதங்களுக்கு ஒருமுறை, மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, மென்மையான தூரிகையால் தூசு அகற்றுவது மின்விசிறியின் ஆயுளைக் கூட்டும். ஈரத்துணியை உள்ளே கொண்டுசெல்லவே கூடாது.

மின்சாரமும் அவ்வாறே. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கினால் நாடே இருளில் மூழ்கியதை நாம் அறிவோம். எழுதிக்கொண்டிருக்கும் போது மின்சாரம் அறுந்தால் கோப்பு மட்டுமன்றிச் சில வேளைகளில் வன்தட்டும் பழுதடையும். மேசைக் கணனிக்கு யூ.பி.எஸ். இன்றியமையாதது. இடி முழக்கம் கேட்டதும் மின் செருகியை மட்டுமன்றி, ரூட்டருக்கு வரும் தொலைபேசிக் கம்பியையும் கழற்ற வேண்டும். மின்னல் அவ்வழியாகவும் வரும்.

இறுதியாக, பலரும் வெளியே சொல்லத் தயங்கும் விடயம். திருத்தக் கொடுத்த கணனியிலிருந்து குடும்பப் பெண்களின் படங்கள் வெளியேறி, குடும்பங்கள் தலைகுனியும் நிலை ஏற்படலாகாது. திருத்துநர்களில் மிகப் பெரும்பாலானோர் நேர்மையாளர்களே. எனினும் அவர்களிடம் கொடுப்பது அமானிதம் என்பதால், கொடுப்பவருக்கும் கவனம் வேண்டும். இயலுமாயின் படங்களைப் புறவன்தட்டுக்கு மாற்றி, கணக்குகளிலிருந்து வெளியேறிய பின்னரே கையளிக்க வேண்டும். வன்தட்டோடு தொடர்பற்ற பழுதாயின் அதனைக் கழற்றித் தருமாறு கேட்பது தவறன்று. அழித்த கோப்புகளை மீட்டெடுக்க முடியும் என்பதால், விற்கும் போது பழைய வன்தட்டை வீட்டிலேயே வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியின்றிக் கணனியொன்றுள் நுழைவது ஐந்து வருடங்கள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும்.

இத்தனையும் மீறித் தாக்குதல் நேர்ந்தால், முதலில் இணைய இணைப்பைத் துண்டித்து, வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, வங்கிக்கு அறிவிக்க வேண்டும். கப்பம் செலுத்தினாலும் கோப்புகள் திரும்பும் என்ற உத்தரவாதமில்லை. 2006 இல் நிறுவப்பட்ட இலங்கைக் கணனி அவசரப் பதிலளிப்பு மையத்தை 101 என்ற இலக்கத்தில் தொடர்புகொள்ளலாம். மிரட்டலுக்கு ஆளாகும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல் அதன் பேச்சைக் கேட்பது பெற்றோரின் முதற்கடமை. பயந்த பிள்ளை மறைக்கும். மறைப்பதே மிரட்டுபவனின் பலம்.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களும், பாடசாலைகளின் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர்களும் ஊருக்கு ஒரு நாள் ஒதுக்கி இவற்றைத் தாய்மாருக்குச் செய்து காட்டினால் அது பெரும் பணியாக அமையும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. இவ்வார விடுமுறையில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, ஒரு பிரதி எடுத்து, ஒரு கடவுச்சொல்லை மாற்றி, ஒரு மேம்படுத்தலை முடிப்போமாயின், இழந்த பின் வருந்தும் நிலையிலிருந்து எமது குடும்பங்களைக் காத்தவர்களாவோம்.