இலவசமா, சுதந்திரமா? ஒஸ்லோவில் எழுதப்பட்ட ஓர் அனுமதிப்பத்திரத்தின் வரலாறு

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இலவசத்தையும் சுதந்திரத்தையும் குறிக்கும். தமிழில் இவை வெவ்வேறு சொற்கள். நோர்வேஜிய மொழியிலும் 'கிராத்திஸ்', 'ஃப்ரி' என இரண்டு உண்டு. ஆயினும் இவ்விரண்டிற்கும் இடையிலான எல்லை குறித்த நீண்ட சர்ச்சையொன்று, நாம் வாழும் ஒஸ்லோவில் இயங்கிய நிறுவனமொன்றைச் சுற்றியே எழுந்தது.

ஹோவார்ட் நூர், ஐரிக் ஷாம்ப-எங் ஆகிய இருவரும் 1994இல் தொடங்கிய அந்நிறுவனம் பின்னர் ட்ரோல்டெக் என்று பெயர் பெற்றது. கணனித் திரையின் சாளரங்களையும் பொத்தான்களையும் அமைக்க உதவும் 'கியூட்' என்ற மென்பொருளை அது 1995இல் வெளியிட்டது. 1996 ஒக்டோபரில் ஜேர்மன் மாணவர் மத்தியாஸ் எட்ரிச் அதன்மீது கே.டி.ஈ. திட்டத்தைத் தொடங்கினார். லினக்ஸைச் சாதாரண பாவனையாளருக்கும் இலகுவாக்குவதே அவரது நோக்கம்.

லினக்ஸில் சுதந்திர மென்பொருள் எழுதுவோரிடம் ட்ரோல்டெக் பணம் கேட்கவில்லை. மூலநிரலையும் மறைக்கவில்லை. பின் என்ன குறை? மூலநிரலை வாசிக்கலாம், திருத்திய பிரதியைப் பிறருக்கு வழங்க முடியாது. கே.டி.ஈ.யின் ஜி.பி.எல். உரிமமோ அந்த உரிமையைக் கட்டாயமாகக் கோருவது. 1997 ஓகஸ்டில் மிகேல் தெ இகாசாவும் ஃபெதெரிகோ மேனாவும் கியூட்டைத் தவிர்த்து க்னோம் என்ற மாற்றுத் திட்டத்தைத் தொடங்கினர். 1998 ஒக்டோபரில் டெபியன் குழுவினர் கே.டி.ஈ.யைத் தமது தொகுப்பிலிருந்து நீக்கினர்.

'நல்ல மனிதர்கள் இலவசமாகத் தருகிறார்கள், வேலையும் நடக்கிறது. சட்ட எழுத்தைப் பிடித்துத் தொங்குவதேன்?' என்ற வாதம் அன்று வலுவாகவே ஒலித்தது. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் வதிவிட அனுமதியைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பழகிய எமக்கு, அனுமதிக்கும் உரிமைக்கும் உள்ள தூரத்தை எவரும் விளக்கத் தேவையில்லை.

ட்ரோல்டெக் விமர்சனத்துக்குச் செவிசாய்த்தது. 1998இல் கே.டி.ஈ.யினருடன் இணைந்து ஓர் அறக்கட்டளையை நிறுவியது. கியூட்டின் சுதந்திரப் பதிப்பு 12 மாதங்கள் வெளிவராது போனால், அதை மிகத் தளர்வான உரிமமொன்றின் கீழ் வெளியிடும் அதிகாரம் அறக்கட்டளைக்குக் கிடைத்தது. 1999இல் வந்த புதிய உரிமம் திருத்தங்களைத் தனி இணைப்புகளாக வழங்க இடமளித்தது. அது சுதந்திரமானதே என ஏற்கப்பட்டாலும் ஜி.பி.எல்.லுடன் பொருந்தவில்லை. 2000 செப்ரெம்பரில் கியூட் ஜி.பி.எல். உரிமத்தின் கீழும் வந்தபோதே பிணக்கு அடங்கியது.

2008இல் ட்ரோல்டெக்கை நொக்கியா வாங்கியது. 2012இல் கியூட் டிஜியாவின் கைக்கு மாறியது. உரிமையாளர் மாறினர், எழுதி வாங்கிய உரிமை மாறவில்லை. அன்று பிடிவாதக்காரர் எனப்பட்டோர் அஞ்சியது இந்தக் கைமாற்றத்தையே. கே.டி.ஈ. பின்னர் தமிழிலும் பேசியது.

ஓர் உரிமம் சுதந்திரமானதா என அறிய, விலையையோ கொடுப்பவரின் குணத்தையோ பார்த்துப் பயனில்லை. நாளை அவர் மனம் மாறினால், அல்லது அவரே இல்லாது போனால், எம் கையில் எஞ்சுவது எது என்று கேட்க வேண்டும். இக்கேள்வி கணனிக்கு மட்டும் உரியதல்ல.