உண்டியலும் பிளாக்செயினும்: காசு எவ்வளவு கெதியா வரும்?

பிட்கொயின் செக்கனுக்கு 7, எதீரியம் 15, சொலானா 65,000. பிளாக்செயின் பற்றிக் கதைக்கிற பெடியள் எல்லாருக்கும் இந்த மூன்று எண்ணும் மனப்பாடம். ஒரு செக்கனில் எத்தனை கொடுக்கல் வாங்கலைப் பதியலாம் எண்ட கணக்கு இது. பெரிய எண் வைத்திருக்கிறதே வென்றது எண்டு முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் காசு எவ்வளவு கெதியா வரும் எண்ட கேள்வி வன்னிக்குப் புதிதல்ல. அந்தப் பழைய கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் இந்த எண்கள் வேறு மாதிரித் தெரியும்.

90களில் கனடாவில் இருக்கிற மகன் வன்னியில் இருக்கிற தாய்க்குக் காசு அனுப்ப நினைத்தால் கைகொடுத்தது உண்டியல்தான். ரொறன்ரோவில் ஒரு முகவரிட்ட டொலரைக் குடுப்பார். அந்த முகவர் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ தொலைபேசி எடுப்பார். இங்கே இருக்கிறவர் தன்ர கையில் உள்ள ரூபாயை எண்ணிக் குடுப்பார். டொலர் கடல் தாண்டவே இல்லை. இரண்டு முகவரும் தங்களுக்குள் கணக்குத் தீர்க்கிறது பிறகு ஒருநாள், சரக்காகவோ எதிர்ப்பக்கமாகப் போற காசாகவோ. வங்கிகள் காசோலையைப் படமெடுத்து அனுப்புகிற முறை இலங்கைக்கு வந்ததே 2006 இல். அதற்கு முந்தின வங்கி வேகத்தோடு பார்த்தால் உண்டியல் மின்னல்.

அந்த வேகத்துக்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை, கணக்கைப் பிறகு தீர்க்கலாம் எண்ட நம்பிக்கை. அதன் கொள்ளளவுக்கும் ஒரு எல்லை இருந்தது: முகவரின் பெட்டிக்குள் அண்டைக்கு எவ்வளவு ரூபாய் கிடக்கு எண்டது. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பிறகும் தொலைபேசிச் செய்தி தடையைத் தாண்டலாம். நோட்டுக்கட்டு அப்படித் தாண்டாது.

வன்னிக்குள் இன்னொரு கணக்குப் புத்தகமும் இருந்தது. 1994 இல் தொடங்கிய தமிழீழ வைப்பகத்தில் சனம் இலங்கை ரூபாயை வைப்பிலிட்டது, நகையை அடைவு வைத்தது. 2009 மே மாதத்தோடு வைப்பகம் இல்லை. வைப்புப் புத்தகத்தைக் காப்பாற்றிக் கொண்டுவந்தாலும் நீட்டுவதற்கு ஒரு கவுண்டர் இல்லை. போரில் மீட்ட தங்கத்தின் ஒரு பகுதியை இராணுவம் பொலிசாரிடம் கையளித்தது 2025 மே மாதத்தில்தான், பதினாறு வருசத்துக்குப் பிறகு. கணக்கு ஒரே இடத்தில் இருந்தால் அந்த இடத்தோடு சேர்ந்து கணக்கும் போகும்.

பிட்கொயின் ஏன் ஆமை எண்டதுக்குப் பதிலும் இதற்குள்தான் இருக்கு. அதன் கணக்குப் புத்தகம் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் அப்படியே கிடக்கு. ஒரு பக்கம் எழுத ஏறத்தாழ 10 நிமிசம். ஆறு பக்கம் கடந்த பிறகுதான் உறுதி எண்டு பார்க்கிற வழக்கம், அதாவது ஒரு மணித்தியாலம். சின்னக் கணினியிலும் முழுப் பிரதி வைத்திருக்கலாம் எண்டதுக்காகவே பக்கத்தின் அளவைப் பெருப்பிக்கப் பலர் மறுத்தார்கள். அந்தச் சண்டையில் 2017 ஓகஸ்டில் பிட்கொயின் காஷ் பிரிந்து போனது. அதே வருசம் டிசம்பரில் நெரிசல் கூடி, சராசரிக் கட்டணம் 50 டொலரையும் தாண்டியது. ஊருக்கு அனுப்புற காசுக்கு இது கட்டுமா?

எதீரியம் 12 செக்கனுக்கு ஒரு பக்கம் எழுதும். மாற்ற முடியாத உறுதி வர ஏறத்தாழ 13 நிமிசம். சொலானாவுக்கு ஒரு பக்கம் அரைச் செக்கனுக்கும் குறைவு. ஆனால் அந்த 65,000 கோட்பாட்டு எண். நடைமுறையில் பதிவாகிறது அதைவிட மிகக் குறைவு, அதிலும் பெரும்பங்கு கணினிகள் தங்களுக்குள் போடுற வாக்குகள். புத்தகத்தை வைத்திருக்கப் பெரிய, விலை கூடின கணினி வேணும், அதனால் பிரதி வைத்திருப்பவர்களும் குறைவு. 2021 செப்டெம்பரில் அந்த வலையமைப்பு கிட்டத்தட்ட 17 மணித்தியாலம் நின்றது. நின்ற நேரத்தில் செக்கனுக்கு எத்தனை எண்டு யாரும் கேட்கவில்லை.

பிட்கொயினுக்கு மேலே கட்டின லைட்னிங் வலையமைப்பைப் பார்த்தால் எனக்கு உண்டியல்தான் ஞாபகம் வரும். இரண்டு பேர் முதலே காசைப் பூட்டிவைத்து, தங்களுக்குள் உடனுக்குடன் எழுதிக்கொண்டு, கடைசியில் பெரிய புத்தகத்தில் ஒருக்காத் தீர்க்கிறார்கள். பூட்டின தொகைக்கு மேலே ஒரு சதமும் போகாது. முகவரின் பெட்டியேதான். வித்தியாசம், இங்கே ஏமாத்தினால் பூட்டின காசு பறிபோகும். உண்டியலில் போறது பெயர்.

இண்டைக்கு உள்நாட்டுக்குள் வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. 2015 இல் வந்த செஃப்ற்ஸ் முறையில் கொழும்பிலிருந்து முல்லைத்தீவுக் கணக்குக்குக் காசு செக்கனில் விழும். ஆனாலும் 2021 இல் வெளிநாட்டுக் காசு பலபேருக்கு உண்டியலாலதான் வந்தது, ஏனெண்டால் வங்கி சொன்ன டொலர் விலை வெளியில் கிடைத்ததைவிடக் குறைவு. வங்கி வழியாக நாட்டுக்கு வந்த தொகை 2020 இல் 7.1 பில்லியன் டொலர், 2021 இல் 5.5 பில்லியன்.

இப்ப சிலர் டொலர் நாணயத்தைப் பிளாக்செயினால் அனுப்பலாம் எண்டு சொல்லுகினம். அனுப்பலாம், சில செக்கனில் கைபேசிக்கு வந்துவிடும். ஆனால் புதுக்குடியிருப்பில் சீமெந்து வாங்க ரூபாய் வேணும். மெய்நிகர் நாணயக் கொடுக்கல் வாங்கலுக்கு இங்கத்தைய வங்கி அட்டைகளைப் பாவிக்க மத்திய வங்கி அனுமதிக்கிறதில்லை. அப்ப அந்த நாணயத்தை வாங்கிக்கொண்டு ரூபாய் தர ஒரு ஆளைத் தேட வேணும், அவரை நம்பவும் வேணும், அவரிட்ட அண்டைக்குக் காசும் இருக்க வேணும்.