பழைய ஏடும் புதிய மருந்தும்: இரு நூலகர்கள்

நூலகவியலில் முதுகலை முடித்து வெளிவருவோர் தேர்ந்துகொள்ளும் பாதைகளுள் இரண்டு எதிரெதிர்த் திசையில் செல்வதுபோலத் தோன்றும். ஒன்று அரிய நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் காக்கும் சிறப்புத் தொகுப்பு நூலகரின் பாதை. மற்றொன்று மருத்துவ நூலகரின் பாதை. முன்னவரிடம் ஒரு நூலின் மதிப்பு வயதோடு ஏறுகிறது. பின்னவரிடம் வயதோடு இறங்குகிறது. அமெரிக்க நூலகங்களின் அனுபவத்தைக் கொண்டு இவ்விரண்டையும் எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலில் வாசகர். அரிய நூல் தேடி வருபவர் ஒரே ஏட்டோடு வாரக்கணக்கில் அமர்ந்திருக்கலாம். மருத்துவரின் கேள்விக்கு அந்த அவகாசம் இல்லை, நோயாளி காத்திருக்கிறார். அதனால்தான் 1971இல் கான்சாஸ் நகரத்தில் கெர்ட்ரூட் லாம்ப், நூலகர்களை மருத்துவக் குழுவோடு வார்டுக்கே அனுப்பும் முறையைத் தொடங்கினார். அரிய நூல்களுக்காக வாசகர் நூலகத்துக்கு வருகிறார். மருத்துவத்திலோ நூலகர் வாசகரிடம் போகிறார்.

பயிற்சியும் வேறு. முன்னவர் தாள், மை, நூல் கட்டும் முறை, பழைய எழுத்து வடிவங்கள் ஆகியவற்றைப் படிக்கிறார். 1983இல் தொடங்கிய ‘ரேர் புக் ஸ்கூல்’ இதற்குப் பெயர்பெற்றது. பின்னவர் 1960இல் அறிமுகமான ‘மெஷ்’ என்னும் மருத்துவப் பொருள்தலைப்புகளின் கிளைகளில் ஏறி இறங்கப் பழகுகிறார்.

பிழையை நடத்தும் விதத்தில் வேற்றுமை இன்னும் கூர்மையாகிறது. எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்டு 1998இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதைச் சான்றாகக் கொள்ளாதபடி எச்சரிப்பது மருத்துவ நூலகரின் கடமை. அதே கட்டுரையைச் சிதையாமல் பாதுகாப்பது சிறப்புத் தொகுப்பு நூலகரின் கடமை. ஒரு பொய் எப்படிப் பரவியது என்று எழுதப்போகும் வரலாற்றாசிரியருக்கு அதுவே மூல ஆவணம்.

இத்தனை வேற்றுமைக்கும் அடியில் எதிர்பாராத உறவு ஒன்று உண்டு. ஓர் ஏடு யார் யார் கைமாறி வந்தது, எந்தப் பக்கம் இல்லை என்று முன்னவர் பதிவு செய்கிறார். எந்தத் தரவுத்தளத்தில், எந்த நாளில், எந்தச் சொற்களைக் கொண்டு தேடினோம் என்று பின்னவர் பதிவு செய்கிறார். இருவரும் விடையோடு அது வந்த வழியையும் சேர்த்தே தருகிறார்கள். ஐயம் கொண்டவர் அவ்வழியே திரும்பிச் சென்று சரிபார்க்கலாம்.

பழைய இதழ்களோடு மருத்துவத் தேடலின் தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதை 2001 காட்டியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்துமா ஆய்வொன்றில், ஹெக்சாமெத்தோனியம் என்னும் மருந்தை உள்ளிழுத்த 24 வயதுத் தன்னார்வலர் நுரையீரல் பழுதாகி இறந்தார். ஆய்வாளர் தேடிய ‘பப்மெட்’ என்னும் மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளம் அப்போது பெரும்பாலும் 1966 வரையே பின்னோக்கிச் சென்றது. அம்மருந்து நுரையீரலைத் தாக்கக்கூடும் என்ற குறிப்புகளோ 1950களின் இதழ்களில் இருந்தன. மருத்துவத்துக்கு அன்று தேவைப்பட்டது புதிய கட்டுரை அன்று, பழைய அலமாரி.

இரு பாதையும் ஒரே வாழ்வில் சேர்ந்ததற்கும் சான்று உண்டு. ஜான் ஷா பில்லிங்ஸ் 1865 முதல் அமெரிக்க ராணுவத் தலைமை மருத்துவரின் நூலகத்தை வளர்த்தார். புதிய மருத்துவக் கட்டுரைகளை மாதந்தோறும் அட்டவணைப்படுத்தும் ‘இண்டெக்ஸ் மெடிகஸ்’ இதழை 1879இல் தொடங்கினார். பின்னர் நியூயார்க் பொது நூலகத்தின் முதல் இயக்குநரானார். அவர் வளர்த்த நூலகமே இன்றைய தேசிய மருத்துவ நூலகம். பப்மெட்டை நடத்துவதும் அதுதான்; 1094இல் படியெடுக்கப்பட்ட அல்-ராஸியின் மருத்துவ நூலைக் காப்பதும் அதுதான்.

ஆகவே இத்தொழிலுக்கு வருவோர் மனத்துக்கு இசைந்த பாதையைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் மருத்துவ நூலகராக விரும்புவோர் பழைய இதழ்க் கட்டுகளையும், சிறப்புத் தொகுப்பு நூலகராக விரும்புவோர் தரவுத்தளத் தேடலையும் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். மற்றவரின் கலையை அறியாதவருக்குத் தம் கலையும் பாதியே.