பெம்மிகன்: உலர்ந்த இறைச்சியின் வரலாறு

ஈரம் உள்ள வரையில்தான் இறைச்சி கெடும் என்பதை மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டான். நம் ஊர்களில் உப்புக்கண்டம் போடுவதும், தென்னாப்பிரிக்காவில் பில்டாங் தொங்கவிடுவதும், தென்னமெரிக்க மலைநாட்டில் சார்க்கி உலர்த்துவதும் அந்த ஒரே அறிவின் கிளைகள். சார்க்கி என்ற சொல்தான் ஆங்கிலத்தில் ஜெர்க்கி எனத் திரிந்தது. அதே பண்டம் இன்று பளபளக்கும் பொட்டலங்களில், உடல்நலம் தரும் தின்பண்டம் என்ற விளம்பரத்தோடு விற்பனையாகிறது. விளம்பரத்தில் எவ்வளவு மெய் உண்டு? இதற்கு விடை தேடி, மாணவ நண்பர்களே, உங்களை வட அமெரிக்கச் சமவெளிக்கு அழைத்துச் செல்கிறேன். உலர்ந்த இறைச்சியின் பொருட்டு மனிதர் குருதி சிந்திய நிலம் அது.

அச்சமவெளியில் பைசன் என்னும் காட்டெருமைகள் பெருமந்தைகளாகத் திரிந்தன. கிரீ முதலிய குடிகளின் பெண்டிர் அவற்றின் இறைச்சியை மெல்லிய தகடுகளாகக் கீறி, வெயிலிலும் காற்றிலும், வேண்டும்போது மெல்லிய நெருப்பின் மேலும் உலர்த்துவர். உலர்ந்ததைக் கல்லிலிட்டு இடித்துப் பொடியாக்குவர். பின்பு உருக்கிய கொழுப்பை ஏறத்தாழச் சம எடையில் வார்த்துப் பிசைவர். சில வேளைகளில் காட்டுப் பழங்களையும் சேர்ப்பர். இக்கலவையைத் தோற்பையில் அடைத்துத் தைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் கெடாது. இதுவே பெம்மிகன். கிரீ மொழியில் ‘பிமீ’ என்றால் கொழுப்பு. பண்டத்தின் பெயர் இறைச்சியிலிருந்து பிறக்கவில்லை, கொழுப்பிலிருந்து பிறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கே திரும்பி வருவேன்.

மென்மயிர்த் தோல் வாணிகம் செய்த நார்த் வெஸ்ட் கம்பெனியாருக்குப் பெம்மிகன் இன்றியமையாததாயிற்று. அவர்களுடைய படகோட்டிகள் குறுகிய கோடைக்குள் நெடுந்தொலைவு துடுப்புப் போட வேண்டியவர்கள். வழியில் இறங்கி வேட்டையாட அவர்களுக்கு ஏது நேரம்? ஏறத்தாழத் தொண்ணூறு பவுண்டு நிறையுள்ள ஒவ்வொரு பையும் அவர்களுக்கு அடுப்பில்லாத அடுக்களையாயிற்று.

இந்நிலையில் செல்கர்க் பிரபு ரெட் ரிவர் ஆற்றங்கரையில் ஒரு குடியேற்றத்தை நிறுவினார். 1812-இல் முதற் குடியேறிகள் வந்தனர், உணவுக்குத் தவித்தனர். 1814 ஜனவரியில் அங்கிருந்த ஆளுநர் மைல்ஸ் மக்டொனெல், பெம்மிகனை வெளியே கொண்டு செல்லலாகாது என ஆணை பிறப்பித்தார். தம் மக்கள் பட்டினி கிடக்கும்போது அவர் வேறென்ன செய்வார் என்று கேட்கலாம். ஆனால் பெம்மிகன் செய்து விற்றுப் பிழைத்தவர்கள் மேட்டி மக்கள். முதற்குடியினரும் ஐரோப்பியரும் கலந்த மரபினர். அவர்களுக்கும் கம்பெனிக்கும் அந்த ஆணை கழுத்தில் இட்ட கயிறாகத் தோன்றிற்று. பூசல் வளர்ந்து, 1816 ஜூன் 19 அன்று செவன் ஓக்ஸ் என்ற இடத்தில் மோதலாக வெடித்தது. புதிய ஆளுநர் ராபர்ட் செம்பிளும் அவர் பக்கத்தார் இருபதுபேரும் மாண்டனர். மேட்டி தரப்பில் இறந்தவர் ஒருவர். எதிரெதிர் நின்ற வாணிகக் கம்பெனிகள் இரண்டும் 1821-இல் ஒன்றாக இணைந்தன.

இனி உடல்நலத்துக்கு வருவோம். கனடாவிற் பிறந்த வில்யால்மர் ஸ்டெபான்சன் என்னும் துருவப் பயணி, இறைச்சி மட்டுமே உண்டு வாழ முடியும் எனச் சாதித்தவர். 1928-இல் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் மருத்துவர் கண்காணிப்பில் அதனை அவர் தம் உடலிலேயே சோதித்தார். தொடக்கத்தில் கொழுப்பு நீக்கிய இறைச்சியை மட்டும் கொடுத்தார்கள். சில நாட்களுக்குள் குமட்டலும் வயிற்றுப்போக்கும் கண்டன. கொழுப்பைச் சேர்த்ததும் அவை நீங்கின. புரதம் சிறந்த உணவே. ஆயினும் புரதத்தை மட்டுமே பெருமளவு செரிக்க நம் ஈரலால் இயலாது. கிரீ பெண்டிர் இதனைச் சோதனைச் சாலையின்றியே அறிந்திருந்தனர். அவர்கள் இட்ட பெயரிலேயே ஒரு மருத்துவ நூல் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

பெம்மிகனுக்கும் குறை உண்டு. உலர்த்தும்போது வைட்டமின் சி அழிந்துவிடுகிறது; அதை மட்டுமே மாதக்கணக்கில் தின்றால் ஸ்கர்வி நோய் வரும். சமவெளியினர் புதிய இறைச்சியும் பழமும் கிழங்கும் உண்டதால் தப்பினர்.

இன்றைய பொட்டலத்தைப் பாருங்கள். கொழுப்பு நாளடைவில் சிக்கடித்துப் போகும் என்பதால் அதனைப் பெரும்பாலும் நீக்கிவிடுகிறார்கள். சமவெளிப் பெம்மிகனில் பொதுவாக இடப்படாத உப்பை மிகுதியாக ஏற்றுகிறார்கள். புரதம் இருக்கிறது, கெடாமல் இருக்கிறது, பசிக்கு உதவுகிறது. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் விளைவிப்பனவற்றின் முதல் வகுப்பில் வைத்தது. ஜெர்க்கியையும் பில்டாங்கையும் அதற்கு எடுத்துக்காட்டாகப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. நாள்தோறும் ஐம்பது கிராம் உண்டால் பெருங்குடற் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 விழுக்காடு கூடும் என்பது அதன் கணக்கு.

அப்படியானால் காட்டெருமையை நம்பி வாழ்ந்த மக்களின் உடல் எப்படி இருந்தது? இதற்குச் சான்று உண்டு. 1892-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மானிடவியல் அறிஞர் பிரான்ஸ் போவாஸ் முதற்குடியினரின் உயரத்தை அளக்க ஏற்பாடு செய்தார். அவ்வேடுகளை ஆராய்ந்த ஸ்டெக்கலும் பிரின்ஸும் 2001-இல் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறந்த சமவெளி ஆண்களின் சராசரி உயரம் 172.6 சென்டிமீட்டர். அக்காலத்து ஐரோப்பியரைவிட மட்டுமன்றி, அமெரிக்காவில் குடியேறிய வெள்ளையரைவிடவும் அவர்கள் உயர்ந்திருந்தனர். வளரும் வயதில் உண்ட உணவுக்கு உயரத்தைக் காட்டிலும் நேர்மையான சாட்சி வேறில்லை.

பின்னர் மந்தைகள் தோலுக்காகச் சுட்டு வீழ்த்தப்பட்டன. கோடிக்கணக்கில் இருந்தவை 1880-களின் இறுதியில் ஏறத்தாழ ஓராயிரமாகக் குறைந்தன. பெம்மிகன் இடித்த கைகள் கோதுமை மாவுக்கும் உப்பிட்ட பன்றியிறைச்சிக்கும் அரசின் பங்கீட்டு வரிசையில் நீண்டன. மந்தைகள் அழிந்தபின் பிறந்தவர்களின் உயரத்தையும் பொருளியலார் போவாஸின் ஏடுகளிலிருந்தே கணக்கிட்டிருக்கின்றனர். காட்டெருமையை நம்பிய குடிகள் அதுவரை பெற்றிருந்த உயரத்தின் ஏற்றம் அந்தத் தலைமுறையிலேயே மறைந்துவிட்டது.